ரீயூனியன் தீவு: எரிமலை காணச் செல்வோர் கேட்கும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸின் அண்டையில் இருக்கும் ரீயூனியன் தீவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்தவர்களும், ஏற்கெனவே அங்கே சென்று திரும்பியவர்களும் அனுப்பிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: மேற்குக் கடற்கரையில் தங்கியிருந்தோம். காலை உணவை முடித்துக்கொண்டு வாடகைக் காரில் எரிமலைக்குப் புறப்பட்டோம். நண்பகலில் மேலே சேர்ந்தபோது பத்தடி தூரத்தில் இருந்தவர்கூடத் தெரியாத அளவுக்கு மேகம் மூடியிருந்தது. ஒன்றையும் காணாமல் திரும்பினோம். எங்களுக்கு வாய்ப்பு அவ்வளவுதானா?

பதில்: வாய்ப்பைக் குறைசொல்ல வேண்டியதில்லை, அந்த மலையில் பெரும்பாலான நாட்களில் நடப்பதுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. காலை வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறத் தொடங்கியதும், கடலிலிருந்து ஈரக்காற்று அவற்றைத் தழுவி மேலேறி, உயரத்தில் குளிர்ந்து மேகமாகிவிடுகிறது. விடியலில் தெளிந்து நிற்கும் சிகரம் ஒன்பது, பத்து மணிக்குள் மறைந்துபோவது அதனால்தான். எனவே முந்தைய இரவே மலைமேல், பூர் மூரா என்னும் சிற்றூரில் அல்லது அதன் சுற்றுப்புறத்தில் தங்கிவிடுவதே சரியான வழி. கடற்கரை விடுதியில் முன்பதிவு செய்துவிட்டு எரிமலையை ஒரு பகல்நேரப் பயணமாக வைத்துக்கொள்வோர் அதைக் காணாமல் திரும்புவதே அதிகம்.

அங்கிருந்து இருட்டிலேயே புறப்பட்டால் வழியே ஒரு பெரிய அனுபவமாக அமையும். பசுக்கள் மேயும் புல்வெளிகளும் வேலிகளும் சிறிது சிறிதாகக் குறைந்து, புதர்கள் மட்டும் எஞ்சி, பிறகு அவையும் ஒழிந்து, சாலை திடீரென்று ஒரு விளிம்பிலிருந்து கீழிறங்கும். அங்கே மணற்சமவெளி என்று பெயர்பெற்ற, கரியும் செம்மையும் கலந்த எரிமலைச் சரளைப் பரப்பு, புல்லே அரிதான ஒரு பாலைநிலமாக விரிந்து கிடக்கும். அதைக் கடந்து சென்றால் 2,311 மீட்டர் உயரத்தில் பா தெ பெல்கோம்ப் என்னும் காட்சிமுனை. அதற்குக் கீழே செங்குத்தான பாறைச் சுவர் இறங்க, சுமார் 8 கிலோமீட்டர் அகலமான பள்ளம் தெரியும். அதன் நடுவில் நிற்பதுதான் 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை. என் கருத்தில், அந்தத் தீவில் ஒரே ஒரு காலைப்பொழுதைத்தான் செலவிட முடியும் என்றால் அதை இங்கேதான் செலவிட வேண்டும்.

உடல்வலு உள்ளவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் பள்ளத்துக்குள் இறங்கி நடக்கலாம். இறங்கிய சிறிது தூரத்தில், 1753-ஆம் ஆண்டு வெடிப்பில் உருவான ஃபோர்மிக்கா லேயோ என்னும் சிறிய செந்நிறக் குன்று வரும். குழந்தைகளோடு செல்வோர் அதுவரை போய்த் திரும்பினாலே போதும். உச்சியிலுள்ள தொலொமியூ பெருவாயின் விளிம்புவரை சென்று திரும்ப ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். வழியில் தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை. பாறைகளில் தீட்டியுள்ள வெள்ளைச் சாயக் குறிகளே வழிகாட்டி. மூடுபனி இறங்கும்போது அடுத்த குறி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தெரியும்வரை நின்றுவிடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பாக இருக்கும் அந்த வெளியில் குறியை விட்டு விலகியவர்கள் திசை தவறிப்போவது எளிது. வெப்பமண்டலத் தீவுதானே என்று மெல்லிய சட்டையோடு செல்லாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மாத விடியலில் அந்த உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்.

கேள்வி: செந்நிற லாவா ஓடுவதை என் மகனுக்குக் காட்ட விரும்புகிறேன். எந்த மாதத்தில் சென்றால் வெடிப்பைப் பார்க்கலாம்?

பதில்: அப்படி ஒரு மாதம் கிடையாது. உலகில் மிகுதியாக இயங்கும் எரிமலைகளுள் இதுவும் ஒன்று என்பது உண்மை. சில ஆண்டுகளில் பலமுறை வெடித்ததும் உண்டு. ஆனால் 2010 டிசம்பருக்குப் பின் 2014 ஜூன் வரை அது முற்றிலும் அமைதியாகவும் இருந்திருக்கிறது. 1977 வெடிப்புக்குப் பிறகு அமைக்கப்பட்ட கண்காணிப்பு நிலையம் ஒன்று பூர் மூராவில் இயங்குகிறது. சிகரத்தின் அடியில் தொடர்ச்சியாக எழும் சிறு நிலநடுக்கங்களையும், உள்ளிருந்து அழுத்தும் பாறைக்குழம்பினால் சரிவுகள் மிக நுண்ணிய அளவில் உப்புவதையும் அவர்கள் இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும், உறுதியான அறிகுறி தென்படுவதற்கும் பிளவு திறப்பதற்கும் இடையே சில நேரங்களில் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை.

வெடிப்பு நெருங்குவதாகத் தெரிந்ததும் அரசு நிர்வாகம் பள்ளத்துக்குள் இறங்கும் வாயிலை மூடிவிடும். அதைத் தாண்டிக் குதிப்பவர்கள் தங்கள் உயிரோடு மீட்புப் பணியாளர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். இதில் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்நாட்களில் பள்ளத்தின் தெற்கு விளிம்பிலுள்ள பித்தோன் தெ பெர் போன்ற முனைகளிலிருந்து பாதுகாப்பாகப் பார்க்கலாம், நிர்வாகம் அப்போது அனுமதித்தால். தீவு மக்களே குடும்பம் குடும்பமாகத் திரண்டுவருவதால் மலைச்சாலையில் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். தலையில் அணியும் விளக்கும் போர்வையும் சோற்றுப் பாத்திரமும் இல்லாமல் யாரும் வருவதில்லை.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் காட்டச் சொல்வது வேறு. தீவின் கிழக்கு, தென்கிழக்குக் கரையில் செல்லும் இரண்டாம் எண் தேசியச் சாலை, கடலை நோக்கி இறங்கிவந்து உறைந்த லாவா ஓடைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வோர் ஓடையின் அருகிலும் அது எந்த ஆண்டில் வந்தது என்ற பலகை இருக்கும். சில இடங்களில் அது கயிறுகளைத் திரித்துப் போட்டதுபோல வழவழப்பாக மடிந்திருக்கும். வேறு சில இடங்களில், தீவு மக்கள் கிராத்தோன் என்று அழைக்கும், செருப்பைக் கிழிக்கும் கரடுமுரடான கட்டிகளாகக் குவிந்திருக்கும். புதிய ஓடைமீது முதலில் குடியேறுவது சாம்பல் நிறமான ஒரு வகைப் பாறைப்பாசி. அடுத்து விரிசல்களில் பெரணிகள் தலைகாட்டும். பிறகு புதர், அதன் பிறகே மரம். மழை மிகுந்த அந்தக் கரையில் பழைய ஓடை ஒன்று ஏற்கெனவே காடாகியிருக்க, பக்கத்திலேயே 2007-இன் ஓடை இன்னும் வெறுமையோடு கிடப்பதை ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

அந்த 2007 ஏப்ரல் வெடிப்பில்தான் உச்சியிலிருந்த தொலொமியூவின் தளம் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்தது. லாவா சாலையை மூடிக் கடலில் இறங்கியதில் தீவுக்குப் புதிய நிலமும் கிடைத்தது. தடித்துக் குவிந்த இடங்களில் உட்புறம் ஆறப் பல ஆண்டுகள் பிடித்தன. மழை பெய்தால் ஆவி எழும். வடக்கே சற்றுத் தூரத்தில் பித்தோன் சென்த் ரோஸ் ஊர் இருக்கிறது. வழக்கமாகப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும் வெடிப்பு 1977-இல் அதற்கு வெளியே நிகழ்ந்து வீடுகளை அழித்தபோது, ஊரார் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்குள்ள தேவாலயத்தை லாவா சூழ்ந்துகொண்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது. அக்கோயிலுக்கு இன்று லாவா மாதா என்றே பெயர். சுவரை ஒட்டி உறைந்து நிற்கும் அந்தக் கரும்பாறையைத் தொட்டுப்பார்க்கும் சிறுவனுக்கு எரிமலை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி: நான் புவியியல் ஆசிரியை. இந்த எரிமலைக்கும் நமது தக்காணத்துக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். மாணவர்களிடம் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். புவியின் ஆழத்திலிருந்து எழும் வெப்பப்புள்ளி ஒன்றின் மேல், இந்தியாவைத் தாங்கும் புவியோட்டுப் பாளமான இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்துசென்றது என்பது புவியியலாளர் பரவலாக ஏற்கும் விளக்கம். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதன் மேல் இருந்தது மேற்கு இந்தியா. அப்போது பொங்கியவைதான் தக்காணத்தின் கருங்கற் படிவுகள். பிறகு லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றைத் தாங்கும் கடலடி முகடு, அதன்பின் மொரீஷியஸ் என வரிசையாகத் தடம் பதித்துவிட்டு, இன்று அதே வெப்பப்புள்ளி ரீயூனியனின் அடியில் இருக்கிறது. தீவு சுமார் 4,000 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து எழும்பி நிற்பது. ஆகவே 3,070 மீட்டர் உயரச் சிகரமான பித்தோன் தே நேஜ், அடியிலிருந்து அளந்தால் 7,000 மீட்டரை எட்டும். அந்தப் பழைய எரிமலை அடங்கி ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் ஆகின்றன; அது இடிந்தும் அரித்தும் போனதில் உண்டானவையே மஃபாத், சிலாவோஸ், சலாசி என்னும் மூன்று வட்டப் பள்ளத்தாக்குகள்.

கேள்வி: சாலையே இல்லாத மஃபாத்துக்குள் அறுபது வயதைக் கடந்த நானும் என் கணவரும் போய்வர முடியுமா?

பதில்: தினமும் நடக்கும் பழக்கமும் முழங்காலில் வலுவும் இருந்தால் முடியும்; அவசரம் மட்டும் கூடாது. தப்பி ஓடிய அடிமைகள் மறைந்து வாழ்ந்த இடம் அது. இன்றும் நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் உள்ளே செல்லலாம். அரிசி, எரிவாயு உருளை உட்பட எல்லாச் சரக்கும் ஹெலிகாப்டரில்தான் இறங்குகிறது, மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. சலாசி பக்கத்திலுள்ள கொல் தே பே கணவாயிலிருந்து லா நூவெல் என்னும் சிற்றூருக்கு இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். திரும்பும்போது அதே வழி ஏற்றமாக இருப்பதால் அன்றே திரும்பாமல் அங்குள்ள விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். படுக்கையையும் இரவு உணவையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சைவ உணவு என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்; சோறும் பயறும் கீரையும் கிடைத்துவிடும். பெருமழைக்குப் பின் பாதைகள் சரிவதுண்டு என்பதால், வனத்துறை வெளியிடும் மூடிய பாதைகளின் பட்டியலைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். நடக்க இயலாதவர்கள், மேற்குப் பக்கத்தில் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள மைதோ முனைவரை காரிலேயே சென்று அதிகாலையில் மஃபாத் முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம்.

கேள்வி: எந்தக் கடற்கரையிலும் நீந்தலாமா?

பதில்: கூடாது. சுறாத் தாக்குதல்களால் 2013 முதல் பவளத்திட்டுக்குள் அடங்கிய காயல் பகுதியிலும், கண்காணிப்புள்ள குறிப்பிட்ட இடங்களிலும் மட்டுமே நீந்த அனுமதி. மேற்கிலுள்ள லெர்மிதாஜ் காயல் அமைதியானது. பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: பிரான்ஸ் செல்ல எடுத்த ஷெங்கன் விசா போதுமா? செலவுக்கு எந்தப் பணம்?

பதில்: பணம் யூரோதான், ஏனெனில் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். ஆனால் அது ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஆகவே அந்த விசாவை நம்பிப் பயணச்சீட்டு வாங்காமல், பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே தமிழர்கள் உண்டாமே? தமிழில் பேசிச் சமாளிக்கலாமா?

பதில்: தமிழ் வழிவந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் மிகப்பெரும்பாலோர் பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும். 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பெருந்தொகையினர் கப்பலேற்றப்பட்டார்கள். மொழி தேய்ந்தாலும் வழிபாடு தேயவில்லை. சென் ஆந்த்ரே, சென் பியேர் முதலிய ஊர்களில் கோபுரத்தோடு கூடிய கோயில்களைக் காண்பீர்கள். காவடியும் தீமிதியும் இன்றும் நடக்கின்றன. அவை சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிகள் அல்ல. விரதம் இருந்து நெருப்பில் இறங்குபவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதற்கு முன், கோயிலாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நம் கடமை.

கேள்வி: பள்ளி விடுமுறையை விட்டால் எங்களுக்கு நேரமில்லை. ஜனவரியில் போகலாமா?

பதில்: மே முதல் நவம்பர் தொடக்கம் வரையிலான காலமே மலைநடைக்கு ஏற்றது, உங்களுக்கு மே மாத இறுதி அமைந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் மிகுதியாக வரும் காலம். எரிமலைக்குப் போகும் சாலையோரத்திலுள்ள கொம்மெர்சோன் பழைய எரிமலைவாயில் 1980-இல் ஒரு புயலின்போது 15 நாட்களில் 6,083 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2007-இல் மூன்றே நாட்களில் 3,900 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. இரண்டும் உலக அளவில் பேசப்படும் பதிவுகள். அந்தப் பருவத்தில்தான் செல்ல முடியும் என்றால், மழை மிகுந்த கிழக்குக் கரையை விட்டு வறண்ட மேற்கில் தங்குங்கள். மலை நாட்களுக்கு மாற்று நாட்களை ஒதுக்கிவையுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தரும் விடுதிகளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சிவப்பு எச்சரிக்கை அறிவிக்கப்பட்டுவிட்டால் வெளியே நடமாடுவதற்கே தடை உண்டு. ஆகவே அதற்கு முந்தைய ஆரஞ்சு நிலையிலேயே குடிநீரும் இரண்டு நாள் உணவும் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.