பொறியியல் பீட விரிவுரையாளருக்கு ஆராய்ச்சி மானியம் கிடைத்தால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது? திருகோணமலைக்கு அதில் என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் திருகோணமலைக்காரர். பொறியியல் விரிவுரையாளர்களுக்கு ஆராய்ச்சி மானியம் கிடைத்ததாக வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகிறதா, எங்கள் ஊருக்கு அதனால் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். நானும் திருகோணமலைதான். சிவில் எஞ்சினியரிங் முடித்த கையோடு ஒரு மானியத் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை செய்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

அது விரிவுரையாளரின் சொந்தப் பணம் இல்லை. பணம் பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் வரும், ஒவ்வொரு செலவும் நிதிப் பிரிவைத் தாண்டித்தான் போகும். அரச பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு ஆராய்ச்சிக் கொடுப்பனவு என்று மாதாமாதம் ஒன்று வருகிறது, அது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு "லட்சக்கணக்கில் அள்ளுகிறார்கள்" என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரவிரவாக இருந்து முன்மொழிவு எழுதி, துறைசார் நிபுணர்களின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி வாங்கிய மானியத்தில் சம்பளம் என்று அவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

பெரிய செலவு ஆட்களுக்குத்தான். எம்.பில். அல்லது பிஎச்.டி.க்குப் பதிந்திருக்கும் ஓர் உதவியாளரின் மாதக் கொடுப்பனவு அதிலிருந்துதான் போகிறது. அந்தக் கொடுப்பனவு இல்லையென்றால் நன்றாகப் படித்த பிள்ளை கொழும்பில் கம்பனி வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் கருவிகள், இரசாயனங்கள், ஆய்வுகூடச் சோதனைக் கட்டணம், களப் பயணம். இதில் கருவிதான் பெரிய தலைவலி. மானியம் ரூபாயில் வருகிறது, கருவி டொலரில் வருகிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனபோது, அதற்கு முன்னர் போட்ட வரவுசெலவுத் திட்டத்தை வைத்துக்கொண்டு யாரால் என்ன வாங்க முடியும்? விலை கேட்டு, ஒப்புதல் எடுத்து முடிவதற்குள் கருவி எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும்.

மானியம் தருவதில் முக்கியமானவை தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும். பல்கலைக்கழகங்களும் தங்கள் நிதியிலிருந்து சிறிய தொகைகள் கொடுக்கின்றன. உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனில் 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்திலிருந்தும் ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. ஆனாலும் இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். தென்கொரியா 5 சதவீதத்தை நெருங்கி நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது பொறுக்காது.

இனி எங்கள் ஊர். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் பொறியியல் பீடம் இல்லை. கிட்ட என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம். ஆராய வேண்டிய விஷயங்களோ இங்கே நிறையவே கிடக்கின்றன. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மண் அணைக்கட்டுக்குள் நீர் எப்படிக் கசிகிறது, கசிவு எந்த அளவைத் தாண்டினால் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானிகளைப் பதித்து அதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பதெல்லாம் பொறியியல் ஆராய்ச்சிதான். எங்கள் மாவட்டத்துக் குளங்கள் பலவும் மண் கட்டில்தான் நிற்கின்றன. ஒரு சாதாரண மானியத்தில் இரண்டு மூன்று குளங்களிலாவது மண் மாதிரி எடுத்து, மாரி மழை முழுக்க நீர்மட்டம் பதிந்து பார்க்கலாம். என்னைக் கேட்டால் முதலில் பணம் போக வேண்டிய இடம் இதுதான்.

புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைட் என்ற டைட்டேனியம் கனிம மணலும் இருக்கிறது. பெயின்டுக்கு வெள்ளை நிறம் தருகிற டைட்டேனியம் டைஒக்சைட்டை அதிலிருந்து பிரித்தெடுக்கலாம். பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. ஆனால் மணலாகவேதான் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. ஆய்வுகூடத்தில் சில கிராம் செய்து காட்ட மானியம் போதும். தொன் கணக்கில் செய்து பார்க்கும் பரீட்சார்த்த ஆலைக்கு அந்தப் பணம் காணாது, முதலீட்டாளர் வேண்டும்.

ஊர்க்காரர் என்ன செய்யலாம் என்றால், விவசாயச் சங்கமோ பிரதேச சபையோ தங்கள் பிரச்சினையை எழுதி, கையில் இருக்கும் நீர்மட்டப் பதிவுகளையும் படங்களையும் இணைத்து, பொறியியல் பீடத்தின் சிவில் துறைத் தலைவருக்கு அனுப்பலாம். முன்மொழிவை மதிப்பிடுகிறவர்கள் "இந்த முடிவை யார் பயன்படுத்தப் போகிறார்கள்?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் கடிதம் இருந்தால் விரிவுரையாளருக்கு அது நல்ல பலம். கடிதம் தமிழில் இருந்தாலே போதும், முன்மொழிவில் சேர்க்கும்போது அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள்.