அசதிக்கும் எரிச்சலுக்கும் குடல் பாக்டீரியாதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 34. சைனஸ் தொல்லைக்காக ஒரே வருடத்தில் மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். இப்போது வயிற்றில் பிரச்னை இல்லை. ஆனால் எப்போதும் அசதி, தோலில் அரிப்போடு தடிப்பு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். குடலில் நல்ல பாக்டீரியா குறைந்துவிட்டதாகத் தோழி சொல்கிறார். மலத்தில் பாக்டீரியா பரிசோதனை செய்து, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: தோழி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் குடல் மேல் போட்டுவிட்டால், எளிதில் குணமாகும் வேறு கோளாறு கண்ணில் படாமல் போய்விடும். எனக்கு அதுதான் கவலை.

நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாதான் அதை நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். அது குறைந்தால் சுவரின் காவல் தளரும். பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசியும்போது எதிர்ப்பு செல்கள் உசுப்பப்பட்டு, லேசான அழற்சி நீடிக்கலாம். உடல் பருமன், சர்க்கரை நோய், மனச்சோர்வு உள்ளவர்களிடம் குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த மாற்றம் நோயால் வந்ததா, நோயைக் கொண்டுவந்ததா என்பது பலவற்றில் இன்னும் தீரவில்லை.

மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற ரசாயனம் குடலிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது என்ற தவறான புரிதல் பரவியிருக்கிறது. உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. ஆனால் அது ரத்தத்தின் வழியே மூளைக்குள் நுழைவதில்லை. குடலின் செய்தி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, அழற்சி ரசாயனங்கள் போன்ற வழிகளில்தான் மூளைக்குப் போகிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பாருங்கள். அடிக்கடி சைனஸ், கூடவே அரிப்பு என்றால் எனக்கு அலர்ஜி மேல்தான் சந்தேகம் வருகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலான சைனஸ் தொற்று வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

மலத்தில் பாக்டீரியா கணக்கெடுக்கும் பரிசோதனை வேண்டாம். அதை வைத்து யாரும் உங்களுக்குச் சிகிச்சை தர முடியாது. மாத்திரைக்கும் அவசரமில்லை. 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்ப அதிக நாளானது. பயறு, காய்கறி, பழம், முழுதானியம் என வகைவகையாகச் சாப்பிடுங்கள். வயிறு உப்பாமல் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதோ, முடித்த சில வாரங்களிலோ நீர்நீராகப் பலமுறை பேதியானால், காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.