28 தொடர் தோல்விகள்: சாதனை டெட்ராய்டுக்கா, பிலடெல்பியாவுக்கா?

கேள்வி: கல்லூரி வினாடி வினாவுக்குக் கூடைப்பந்துக் கேள்விகள் தயாரிக்கிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் மிக அதிகமாகத் தொடர்ந்து தோற்ற அணி எது என்று தேடினால் ஓரிடத்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் என்கிறார்கள், இன்னோரிடத்தில் பிலடெல்பியா செவன்டிசிக்ஸர்ஸ். இரண்டுக்கும் 28 என்றே போட்டிருக்கிறது. எதை விடையாக வைப்பது?

பதில்: இரண்டு தகவலும் சரிதான். நீங்கள் திருத்த வேண்டியது விடையை அல்ல, கேள்வியை. "ஒரே சீசனில்" என்று சேர்த்துவிட்டால் டெட்ராய்ட் மட்டும்தான் விடை. அதைச் சேர்க்காமல் விட்டால் இரண்டு அணிகளுக்கும் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும்.

பிலடெல்பியா 2014-15 சீசனின் கடைசி 10 ஆட்டங்களையும் அடுத்த சீசனின் முதல் 18 ஆட்டங்களையும் தோற்றது. டெட்ராய்டின் 28 தோல்விகளும் 2023-24 சீசனுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்ற அணி அது! 28-வது தோல்வி பாஸ்டனில், 21 புள்ளிகள் முன்னிலையில் இருந்துவிட்டு ஓவர்டைமில் வந்தது. டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129-127 என்று வென்றபோதுதான் தொடர் முடிந்தது.

எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிலடெல்பியா நிர்வாகம் அப்போது நல்ல வீரர்களை வேறு அணிகளுக்குக் கொடுத்து, பட்டியலில் கீழே இறங்கி, டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் இடங்களைப் பிடிக்கத் திட்டமிட்டே அணியை நடத்தியது. 2013-14-லேயே அந்த அணி 26 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றிருந்தது. டெட்ராய்ட் அப்படியல்ல, மான்ட்டி வில்லியம்ஸைப் பெரும் சம்பளத்துக்குப் பயிற்சியாளராகக் கொண்டுவந்து, ஜெயிக்க நினைத்துத் தோற்றது. 27-வது தோல்வியில் டெட்ராய்ட் வீரர் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் எடுத்தார். அந்த சீசனை 14 வெற்றி, 68 தோல்வி என்று முடித்த அணி, அடுத்த சீசனில் 44 ஆட்டங்களை வென்றது.

வெற்றிப் பக்கமும் இதே சிக்கல் உண்டு. முதலிடத்தில் சந்தேகமே இல்லை: 1971-72-ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், 33 தொடர் வெற்றிகள், நவம்பர் 5 முதல் ஜனவரி 7 வரை, எல்லாம் ஒரே சீசனில். லேக்கர்ஸின் நட்சத்திர வீரர் எல்ஜின் பெய்லர் ஓய்வை அறிவித்த பிறகு வந்த முதல் ஆட்டத்தில் தொடங்கிய ஓட்டம் அது. இரண்டாமிடம் கேட்டால்தான் கவனம் தேவை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் 28, 2014-15-ன் கடைசி 4 வெற்றிகளும் அடுத்த சீசனின் முதல் 24 வெற்றிகளும் சேர்ந்தது. ஒரே சீசனில் என்றால் இரண்டாமிடம் 2012-13-ல் 27 வென்ற மயாமி ஹீட்டுக்குப் போகும்.

இன்னொன்றையும் பாருங்கள். வாரியர்ஸின் அந்த 4-க்கும் 24-க்கும் நடுவில் 2015 பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் சுற்றுகள், வருகிறது. கோப்பையை அவர்கள்தான் வென்றார்கள், ஆனால் வழியில் 5 ஆட்டங்களைத் தோற்றார்கள். அப்புறம் எப்படித் தொடர் வெற்றி? என்பிஏ ரெகுலர் சீசன் (பிளேஆஃபுக்கு முந்தைய வழக்கமான லீக் ஆட்டங்கள்) கணக்கையும் பிளேஆஃப் கணக்கையும் தனித்தனியாக வைக்கிறது. அந்த 5 தோல்விகள் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. கெட்டிக்கார மாணவர் யாராவது இதைச் சொல்லி ஆட்சேபித்தால் நடுவர் திணறக் கூடாது. எனவே "ரெகுலர் சீசன்" என்ற சொல்லையும் கேள்வியிலேயே போடுங்கள். 2023-ல் தொடங்கிய சீசன் நடுக் கோப்பைப் போட்டியிலும் இறுதி ஆட்டம் மட்டும் ரெகுலர் சீசன் கணக்கில் சேராது. மகளிர் லீக்கான டபிள்யூஎன்பிஏ-வுக்குத் தனிச் சாதனைகள் இருப்பதால், வெறுமனே "தொழில்முறைக் கூடைப்பந்து" என்று எழுதாமல் லீக்கின் பெயரைக் குறிப்பிடுவது நல்லது.

உங்கள் கேள்வி இப்படி இருக்கலாம்: "என்பிஏ ரெகுலர் சீசனில், ஒரே சீசனுக்குள் மிக அதிகத் தொடர் தோல்விகள் கண்ட அணி எது?"

கடைசிச் சுற்றுக்குக் கொஞ்சம் கடினமாக வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: லேக்கர்ஸின் 33, வாரியர்ஸின் 28, இரண்டு தொடர்களையும் முடித்துவைத்த ஒரே அணி எது? மில்வாக்கி பக்ஸ். 1972 ஜனவரி 9 அன்று கரீம் அப்துல் ஜப்பாரின் 39 புள்ளிகளோடு 120-104. 2015 டிசம்பர் 12 அன்று 108-95. லேக்கர்ஸ் முறியடித்த பழைய சாதனையான 20 தொடர் வெற்றிகளும், அதற்கு முந்தைய சீசனில் இதே பக்ஸ் வைத்ததுதான்.