மருத்துவக் குழு ‘தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டால்: இயலாமை ஓய்வூதிய மேல்முறையீடு

கேள்வி: 1997இல் தரைப்படையில் சேர்ந்து, 2021 மார்ச்சில் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கடைசி ஆண்டுகளில் எனக்கு உயர் ரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது. ஓய்வுக்கு முந்தைய மருத்துவக் குழு 30 விழுக்காடு இயலாமை என்று மதிப்பிட்டாலும், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டது. ரெக்கார்டு ஆபீஸ் என் கோரிக்கையை மறுத்தது. முதல் மேல்முறையீடும் 2022இல் நிராகரிக்கப்பட்டது. இனி வழி உண்டா, காலம் கடந்துவிட்டதா?

பதில்: வழி உண்டு. காலம் கடந்தது உங்கள் உரிமையை அழித்துவிடாது. ஆனால் நிலுவைத் தொகையைக் குறைக்கும்.

முதலில் மருத்துவக் குழுவின் நடவடிக்கைப் படிவமான ஏஎஃப்எம்எஸ்எஃப்-16ஐ எடுத்துப் பாருங்கள். கைவசம் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ரெக்கார்டு ஆபீசில் கேட்டுப் பெறலாம். அதில் குழுவின் கருத்தைப் பதியும் பகுதியில், நோய் பணியால் ஏற்பட்டதா, பணியால் தீவிரமடைந்ததா, பணியுடன் தொடர்பற்றதா என்ற கட்டங்களும், அவற்றை அடுத்துக் காரணம் எழுதுவதற்கான கட்டமும் இருக்கும். உங்களைப் போன்ற பலரது படிவத்தில் அந்தக் காரணக் கட்டத்தில், அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது நோய் தொடங்கியது என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அதன் விளைவாக, இயலாமை 30 விழுக்காடு என்று எழுதிய அதே படிவத்திலேயே, ஓய்வூதியத்துக்குத் தகுதியான நிகர மதிப்பீடு ‘நில்’ (Nil), அதாவது ஒன்றுமில்லை, என்று முடிந்திருக்கும். முன்னாள் படைவீரர்கள் ‘நானா’ (NANA: பணியால் ஏற்படவும் இல்லை, தீவிரமடையவும் இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சொல்வது இந்த முடிவைத்தான். வழக்கு முழுவதும் அந்தக் காரணக் கட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. மேல்முறையீட்டு மனுக்களில் பலர் தம் பணியின் கஷ்டங்களைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இந்த ஒற்றை வரிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அதற்கான பதிலை உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தந்துள்ளது. சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாக இருந்து, வலிப்பு நோயால் 20 விழுக்காடு இயலாமையுடன் வெளியேற்றப்பட்டவர் அவர். படையில் சேரும்போது நடந்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படாமல், பின்னர் உடல்நிலை மோசமடைந்திருந்தால், அது பணியின் காரணமாக நேர்ந்தது என்றே அனுமானிக்க வேண்டும் என்றும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது என்றும், சேரும்போதே நோயை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 1982ஆம் ஆண்டு விதிகளின்படி வந்தது என்றும், உங்களுக்குப் பொருந்துபவை 2008ஆம் ஆண்டு விதிகள் என்றும் எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அந்த விதிகளும் கோருபவரே நிரூபிக்க வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள் கழித்து, ஆவணங்கள் அழிக்கப்பட்ட நிலையில் கோரிக்கை வைத்தால்தான் அந்தச் சுமை கோருபவர் மீது விழும். நீங்கள் அந்த எல்லைக்கு வெகு முன்னரே நிற்கிறீர்கள். 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டதால், அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனவே மனுவில் உங்கள் பணியிடங்களின் பட்டியலைத் தேதிவாரியாகத் தாருங்கள். உயர்மலைப் பகுதி, எல்லைப் பகுதி, கிளர்ச்சி ஒடுக்கும் பணி ஆகியவை இருந்தால், அவற்றுக்கும் நோய் கண்டறியப்பட்ட தேதிக்கும் உள்ள இடைவெளியைக் குறிப்பிடுங்கள். கடைசிப் பணியிடம் அமைதிப் பகுதியாக இருந்தது என்பது, அதற்கு முந்தைய ஆண்டுகளை இல்லாமல் ஆக்கிவிடாது. படிவத்தில் உடல் எடை, புகை, மது பற்றி ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அதற்கும் நேரடியாகப் பதில் சொல்லுங்கள்; நீங்கள் மௌனமாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

நடைமுறையில், முதல் மேல்முறையீட்டு உத்தரவுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் இரண்டாம் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி இப்போதே அதை விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்தில் இறுதி உத்தரவு வராவிட்டால், துறைவழி நிவாரணங்களை முயன்று முடித்ததாக ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007 கருதுகிறது. நிராகரிப்பு உத்தரவு வந்தாலும் தீர்ப்பாயக் கதவு திறந்தே இருக்கும். தமிழ்நாட்டில் வசிப்பவர் சென்னை அமர்வில் மனு செய்யலாம். தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.

ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் பாதிப்பு என்பதால் தீர்ப்பாயம் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னிக்கிறது. ஆனால் 2008இல் தர்செம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். நீங்கள் இனித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாத நிலுவை கைவிட்டுப் போகும்.

100 விழுக்காடு இயலாமைக்கு, கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு இயலாமைக் கூறாக, அதாவது ஓய்வூதியத்தில் இயலாமைக்கென்று தரப்படும் பகுதியாகக் கணக்கிடப்படுகிறது. உங்கள் கடைசி ஊதியம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 விழுக்காடு இயலாமைக்கு மாதம் 4,050 ரூபாய் வரும். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் இயலாமையை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், உங்கள் 30 விழுக்காடு 50 ஆகி, தொகை 6,750 ரூபாயாக உயரும்; அகவிலை நிவாரணம் தனி. இயலாமை 20 விழுக்காட்டுக்குக் கீழே மதிப்பிடப்பட்டவருக்கு இந்த முழுமையாக்கல் பொருந்தாது. மனுவின் கோரிக்கைப் பகுதியில் இயலாமைக் கூறு ஒன்றை மட்டும் கேட்காமல், 50 விழுக்காடாக முழுமையாக்குவதையும் நிலுவைக்கான வட்டியையும் தனித்தனி வரிகளாகக் கேளுங்கள். கேட்க விட்டதற்காக மீண்டும் ஒரு மனு போட நேரக்கூடும்.