படையை விட்டு விலகுமுன் ஐவிஏ மேற்பார்வையாளரிடம் பேசுங்கள், தம்பி

தம்பி, விசுவமடுவிலிருந்து வந்து பிரித்தானிய இராணுவத்தில் ஐந்தரை ஆண்டுகளை முடித்துவிட்டதாகவும், கடன்களுக்காக எடுத்த ஐவிஏ (கடன் கொடுத்தவர்களோடு செய்யும் மாதத் தவணை ஒப்பந்தம்) இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு ஓடவிருக்கும் நிலையில் விலகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். லொறி ஓட்டும் வேலை எப்படி, எந்த நகரத்தில் வாடகை குறைவு, ஊர்க் காணியை விற்றுக் கடனை ஒரேயடியாக அடைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லொறிக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஐவிஏயைப் பற்றியும் காணியைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். 2011 இல் நீங்கள் இப்போது நிற்கும் அதே இடத்தில் நின்று, பிழையான முடிவெடுத்து, அதற்காக மேலும் ஓராண்டு கட்டியவன் நான்.

என் ஊர் முரசுமோட்டை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்து சில மாதங்களில், வீட்டு நகைகளை அடகு வைத்த காசில் மாணவர் விசாவில் இலண்டனுக்கு வந்தேன். 2004 இல் பொதுநலவாய நாட்டவன் என்ற முறையில் இங்கே படையில் சேர்ந்து, வழங்கல் பிரிவில் சாரதியானேன். அம்மாவுக்கு அதை எட்டு மாதங்கள் சொல்லவில்லை. வன்னியில் 'ஆமி' என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் ஒரே பொருள்தான் இருந்தது. சொன்ன நாளில் அவர் தொலைபேசியில் நெடுநேரம் பேசாமலே இருந்துவிட்டு, "சாப்பாடு தருவினமோ?" என்று மட்டும் கேட்டார்.

2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்த பிறகு எங்கள் வீட்டார் விசுவமடு, சுதந்திரபுரம் என்று கிழக்கே நகர்ந்துகொண்டே போனார்கள். பிறகு தொடர்பு அறுந்தது. மே மாதத்தின் கடைசியில், அம்மாவும் அக்கா குடும்பமும் செட்டிகுளம் முகாமில் இருப்பதாக வவுனியாவிலிருந்து ஒருவர் அழைத்துச் சொன்னார். அப்போது நான் அல்டர்ஷொட்டில், கட்டிலோரத்தில் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று தொடங்கிய செலவு ஓராண்டுக்கு நிற்கவில்லை. மருந்துக்கு, உடுப்புக்கு, முகாமிலிருந்து வெளியே வந்தபின் அக்கா குடும்பம் சென்னைக்குப் போவதற்கு என்று நான்கு கடனட்டைகளிலும் ஒரு வங்கிக் கடனிலுமாக 23,000 பவுண் ஏறிவிட்டது. யாருக்காகக் கடன் பட்டேன் என்பதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. 2010 மார்ச்சில் ஐவிஏ தொடங்கியது. மாதம் 310 பவுண்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த 310 என்ற தொகை நான் படைமுகாமில் இருந்ததை வைத்துக் கணக்கிடப்பட்டது. முகாமில் அறை வாடகையும் சாப்பாடும் மலிவு, வேலைக்குப் போக பஸ் காசும் இல்லை. ஆகவே கையில் மிஞ்சுவதாகக் காட்டிய தொகை பெரிதாக இருந்தது. நான் 2011 இல் விலகல் அறிவித்தலைக் கொடுத்தேன். ஐவிஏயை நடத்தும் மேற்பார்வையாளருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வெளியே போன பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். 2012 இல் ஈஸ்ற்ஹாமில் மனைவியோடு ஒரு சிறிய வீட்டுக்கு 850 பவுண் வாடகை கொடுக்கத் தொடங்கியதும் மூன்று தவணைகள் தவறின. நிபந்தனையை மீறிவிட்டேன் என்ற கடிதம் வந்தபின்தான் ஓடினேன். தவணையைக் குறைத்தார்கள், ஆனால் ஒப்பந்தம் ஓராண்டு நீண்டு 2016 இல்தான் முடிந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஓராண்டு எனக்கு மிஞ்சியிருக்கும்.

ஐவிஏ என்பது 1986 ஆம் ஆண்டின் கடனிறுக்க வகையற்றோர் சட்டத்தின்கீழ் வரும், சட்டக் கட்டுப்பாடுள்ள ஒப்பந்தம். வாக்களிக்கும் கடன் கொடுத்தவர்களில் தொகையளவில் 75 வீதத்தினர் சம்மதித்தால் எல்லோரையும் அது கட்டும். உங்கள் வருமானமோ செலவோ மாறினால் அறிவிப்பது உங்கள் கடமை. சிறிய குறைப்பை மேற்பார்வையாளரே செய்யலாம். பெரிய மாற்றமென்றால் கடன் கொடுத்தவர்களிடம் மீண்டும் வாக்குக் கேட்க வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். உங்களுக்கோ 12 மாத முன்னறிவித்தல் இருக்கிறது. அந்த 12 மாதங்களை வரமாக எடுங்கள். கணினியில் விலகல் பொத்தானை அழுத்துவதற்கு முன்னரே, "இன்ன மாதத்தில் விலக எண்ணுகிறேன், வெளியே என் வாடகை இவ்வளவு, எதிர்பார்க்கும் சம்பளம் இவ்வளவு, தவணை என்னாகும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பொறுங்கள். தொலைபேசியில் ஒரு பிள்ளை "பிரச்சினை இல்லை" என்று சொன்னதை நம்பி நடக்க வேண்டாம்.

விலகும்போது பெருந்தொகை கைக்கு வரும், அதை வைத்து ஐவிஏயை முடிக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். 2015 ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் பங்கு பத்திரமாக இருக்கும், ஆனால் அரச ஓய்வூதிய வயதில்தான் கிடைக்கும். முன்கூட்டி விலகுவோருக்கான கொடுப்பனவுக்கு 20 ஆண்டுச் சேவையும் 40 வயதும் வேண்டும். மீள்குடியமர்வு மானியத்துக்கே 12 ஆண்டுகள் வேண்டும்.

அதைவிட முக்கியமானது விசா. பொதுநலவாயப் படையினருக்குக் கடவுச்சீட்டில் இருக்கும் குடிவரவு விலக்கு, சேவை முடியும் நாளோடு முடிந்துவிடும். அதன்பின் 28 நாட்கள்தான். விலகுவதற்கு 18 வாரங்களுக்கு முன்னரே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல், ஆறு ஆண்டுகள் சேவை செய்தவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. இன்று அறிவித்தல் கொடுத்தால் 12 மாதம் கழித்து உங்களுக்கு ஆறரை ஆண்டாகியிருக்கும், நல்லது. ஆனால் நல்ல வேலை கிடைத்ததென்று அறிவித்தல் காலத்தைச் சுருக்கி ஆறு ஆண்டு நிறையுமுன் வெளியே வந்துவிடாதீர்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும் அந்தக் கட்டண விலக்கு கிடையாது. ஆளுக்கு 3000 பவுணுக்கு மேல் போகும். ஐவிஏயில் இருப்பவர் வழமையாக 500 பவுணுக்கு மேல் அனுமதியின்றிக் கடன் எடுக்கவும் முடியாது. ஆகவே அந்தச் செலவையும் மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே சேருங்கள்.

அங்கேதான் எங்கள் ஆட்கள் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "சீட்டுக் கட்டி முதல் கழிவில் எடு, வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். முதலில் எடுத்த சீட்டுக் காசு கடன்தான், தம்பி. ஐவிஏயை நிறுத்திவிட்டுக் கனடாவுக்குப் போ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஐவிஏ முறிந்தால் நிறுத்தி வைத்திருந்த கடன்கள் வட்டியோடு திரும்பி வரும். 5000 பவுணோ மேலோ கொடுக்க வேண்டிய ஒருவரை வங்குரோத்தாக்கக் கடன் கொடுத்தவர் வழக்குப் போடலாம். அப்படி ஆலோசனை சொல்பவர்கள் அந்த நாளில் உங்களோடு வந்து நிற்க மாட்டார்கள். படையை விட்டதும் நம்மவர் பலர் போகும் பாதுகாப்பு வேலைகளில் கடன் வரலாற்றையும் பார்ப்பார்கள். ஒழுங்காக நடக்கும் ஐவிஏயை நேர்மையாகச் சொல்லி வேலை எடுத்தவர்களை நான் அறிவேன்.

இன்னொன்று, எனக்கு நெடுங்காலம் நெஞ்சில் குத்திய விடயம். ஐவிஏக்கு நிரப்பும் வரவுசெலவுப் படிவத்தில் முடிவெட்டும் செலவுக்கு ஓர் இடம், செல்லப் பிராணிக்கு ஓர் இடம் இருந்தது. அம்மாவுக்கு அனுப்பும் காசுக்கு இடம் இருக்கவில்லை. நான் அதை எழுதாமல் விட்டு, சாப்பாட்டுக் காசிலிருந்து வெட்டி மாதம் 60 பவுண் அனுப்பினேன். பிறகு மாற்றத்துக்கு விண்ணப்பித்தபோது, அம்மாவின் வயது, அவருக்கு வேறு வருமானம் இல்லாமை, அனுப்பிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். 40 பவுணை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் அம்மா நுண்கடனில் சிக்கி, வாராவாரம் வாசலில் வந்து நின்றவர்களுக்குக் கொடுக்கவே நீங்கள் அட்டையில் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசு அறிவித்த பிறகும், பல வீடுகளில் அந்தச் சுமை இறங்கவில்லை என்பதை ஊருக்குப் போனபோது கண்டேன். ஆனால் அந்தக் காசையும் படிவத்தில் காட்டுங்கள். மறைத்து அனுப்பினால் மாதக் கடைசியில் உங்கள் பிள்ளையின் பால்மாவில்தான் கை வைப்பீர்கள்.

உதவிக்குக் காசு கொடுக்காதீர்கள். கடன் ஆலோசனை தரும் ஸ்ரெப்சேஞ்ச் இலவசம். 1885 முதல் படையினருக்கு உதவிவரும் சாஃபா என்ற தொண்டு அமைப்பு, விலகியவரின் குடும்பத்துக்கும் உதவும். ஒரு நாள் சம்பளத்தோடு படையில் இருந்தவரும் அங்கே போகலாம்.

இனி காணி. விசுவமடுக் காணி அப்பாவின் பேரில் பேர்மிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால், அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது; அனுமதியில்லாமல் விற்க முடியாது. கள்ள உறுதி எழுதி விற்றுத் தருகிறேன் என்று யாரும் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்வரை அது உங்கள் சொத்தல்ல, ஐவிஏயில் காட்ட வேண்டியதுமில்லை. ஆனால் பின்னுரித்தாளராக யாருடைய பெயரைப் பதிந்திருக்கிறார் என்று இந்தக் கிழமையே கேளுங்கள். அது உங்கள் பெயராக இருந்து, ஐவிஏ காலத்துக்குள் காணி உங்களுக்கு வந்தால், அதையும் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும். தங்கச்சி அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குச் சம்மதமென்றால், பிரதேச செயலகத்துக்குப் போய் அவள் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.