ஹட்டனில் கும்மிக்கு அடி சொல்லப்போகும் தங்கைக்கு

கோபிச்செட்டிப்பாளையம் பக்கமிருந்து இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் தங்கை பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குளிர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், விசா ஆகியவற்றுக்கு உங்கள் புகுந்த வீட்டாரே பதில் சொல்வார்கள். குளிர் தானாகப் பழகிவிடும். கோவில் மண்டபத்தில், வள்ளி கதையைப் பாடி வட்டமாக ஆடும் வள்ளிக் கும்மிக்கு மைக் பிடித்து ஆட்டத்தின் அடிகளைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கூச்சமில்லாமல் வந்து ஆட என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் எச்சரிக்கை: உங்கள் குரலில், தோட்டத்தில் ஆட்களை வேலை ஏவும் கங்காணி வந்துவிடக் கூடாது. 1867இல் மலையகத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்ட காலத்திலிருந்து இந்த மக்கள் விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிட, ஏவிய மலைக்கு ஏறிப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆசையோடு வருகிறவரிடம் "ஏய், பச்சைச் சேலை, காலை மாற்று" என்று மைக்கில் அதட்டினால், அவர் மறுபடி வட்டத்துக்குள் வரமாட்டார். சின்னக் குழந்தையையும் "வாங்க, போங்க" என்று அழைக்கிற கொங்கு நாட்டுப் பேச்சு உங்களுக்கு இருக்கிறது. அதை அப்படியே மைக்கில் பேசுங்கள். யார் தவறவிட்டாலும் பெயர் சொல்லாதீர்கள், கை நீட்டாதீர்கள். "எல்லாரும் இன்னொரு முறை போவோம்" என்றால் போதும், தவறியவர் தானே சேர்ந்துகொள்வார்.

இரண்டாவது, இவர்களுக்குக் கலை தெரியாது, நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் ஆறாத கோபம். 1948இல் இந்த மலையகத் தமிழரின் குடியுரிமையை இலங்கை அரசு பறித்தது. 1964இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் இவர்களைக் கேட்காமலே ஒப்பந்தம் போட்டன. அத்தனைக்கும் நடுவில் மாசி மாதமானால் தப்பு என்ற பறை முழங்க, மன்மதன் கதையான காமன் கூத்தை விடிய விடிய ஆடிக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இவர்கள். வள்ளி திருமணம் நடந்த இடமே இலங்கையின் தெற்கிலுள்ள கதிர்காமம் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. வள்ளி கதையை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். ஒரு பாட்டு உங்களுடையது என்றால் அடுத்தது அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியுடையதாக இருக்கட்டும். அவர் பாடும்போது மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வட்டத்தில் நின்று ஆடுங்கள்.

நான் வந்த புதிதில் ஒரு திருவிழாவில் தூணோரமாக நின்றிருந்தேன். ஊர்க்காரப் பெண்கள் அவரவர் உறவோடு வட்டம் கட்டிவிட்டார்கள், என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்துக் கறை ஏறி விரல் நுனிகள் கறுத்திருந்த ஒரு அம்மா வட்டத்தை விட்டு வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், நன்றாக ஆடத் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தினார். வலப்பக்கத்துப் பெண் குனியும்போது நானும் குனிந்தேன். மூன்றாவது சுற்றில் எனக்குப் பாட்டே காதில் விழ ஆரம்பித்தது. இன்றைக்குத் தேங்காய் ரொட்டியும் காரமான கட்டச்சம்பலும் இல்லாமல் எனக்குக் காலை விடியாது. இந்த ஊர்க்காரி என்று யாரிடமும் நிமிர்ந்து சொல்வேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். புதியவர்களைத் தனியாக ஒரு வட்டம் கட்டவிடாமல் தெரிந்தவர்களுக்கு இடையிடையே நிறுத்துங்கள். கோவில் கமிட்டிக்காரர் வீட்டுப் பெண்கள் உள்வட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் வெளிவட்டம் என்று பிரிக்க யாராவது வந்தால், ஒரே வட்டம்தான் என்று சொல்லிவிடுங்கள். பாட்டு இல்லாமல் ஒருமுறை அடியை நடந்து காட்டுங்கள். அமெரிக்க ஊர்நடனங்களில் அடி சொல்லும் 'காலர்' செய்வதும் இதைத்தான்: முதலில் நடக்கவைப்பார், பிறகு இசை. அடுத்த அடியைத் தாளம் விழுவதற்குச் சற்று முன்பே சொல்ல வேண்டும், விழுந்த பிறகு சொன்னால் கால் தடுமாறும். இடது, வலது வேண்டாம். எதிரெதிரே நிற்பவர்களுக்கு அது குழப்பம். "மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம்" என்று சொல்லுங்கள், மலையில் பிறந்தவர்களுக்கு உடனே பிடிபடும். வட்டம் தானாக ஓட ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். பாட்டுக்கு மேல் விடாமல் கத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

தப்பு அடிப்பவர்களை மண்டபத்துக்கு வெளியே, செருப்பு கிடக்கும் பக்கமாக நிறுத்துகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதற்கு ஒத்துப்போகாதீர்கள். அவர்கள் வட்டத்தின் நடுவில் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். தேநீர் அவர்களுக்கும் அதே கோப்பையில் வரவேண்டும். மாற்றம் வேண்டாம் என்று முணுமுணுப்பவர்களிடம் கோவை பத்ரப்பன் ஐயாவைச் சொல்லுங்கள். ஆண்கள் மட்டும் ஆடிய வள்ளி ஒயில் கும்மிக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர். 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே நிறச் சேலை எடுக்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அன்றைய வேலைக்குப் பேர் விழுந்தால்தான் சம்பளம் என்றிருக்கும் வீட்டில் அந்தச் செலவை நினைத்தே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். கமிட்டி எடுத்துத் தருவதாக இருந்தால், பாட்டி முதல் பேத்தி வரை ஒருவர் விடாமல் எல்லாருக்கும் எடுக்கச் சொல்லுங்கள்.