சிப் நிறைய கேம் போட்டு விற்கலாமா?

கேள்வி: கல்முனையில் சின்னதாக ஒரு போன் கடை நடத்துகிறேன், சேர். சீனாவிலிருந்து கையடக்க கேம் மெஷின்களை எடுத்து விற்கிறேன். ஆயிரக்கணக்கான பழைய கேம்கள் மெமரி சிப்பில் ஏற்றப்பட்டே வருகின்றன. பக்கத்துக் கடைக்காரர், "எமுலேட்டரே சட்டவிரோதம், பொலிஸில் சொல்லுவேன்" என்கிறார். நண்பனோ, "இருபது வருடம் தாண்டிய கேமுக்கு உரிமை கிடையாது. புது மெஷினுக்கென்று மாற்றி எழுதிய போர்ட்டுக்குத்தான் காசு கட்ட வேண்டும்" என்கிறான். மாமா முன்பு வாங்கித் தந்த பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கொப்பி பண்ணி நான் விளையாடலாமா?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதும் பிழை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் காரணத்தைப் பிழையாகச் சொன்னாலும், உங்களுக்கு ஆபத்து இருக்கிறது என்பது உண்மை.

எமுலேட்டர் என்பது பழைய மெஷின் செய்த வேலையைப் புது மெஷினில் செய்து காட்டும் மென்பொருள், அவ்வளவுதான். அதை எழுதுவதோ வைத்திருப்பதோ குற்றம் என்று இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவில் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்தபோது சோனி வழக்குப் போட்டது. பிளேஸ்டேஷனை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸைப் பிரதியெடுத்து ஆராய்ந்து, அதன் பிறகு தங்களுடையதைப் புதிதாக எழுதியது நியாயமான பயன்பாடுதான் என்று 2000 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு கல்முனை நீதவானைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நமது சட்டத்தின் 11 ஆம் பிரிவில் நியாயமான பயன்பாட்டை அளக்கும் நான்கு விடயங்களும் அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியவை என்பதால், வாதத்தில் எடுத்துக்காட்டலாம். 2024 இல் நின்டெண்டோவுக்கு 24 இலட்சம் டொலர் கொடுக்கச் சம்மதித்து மூடப்பட்ட யூசு எமுலேட்டரின் கதையை உங்கள் அயலவர் எங்காவது கேட்டிருப்பார். அங்கே பிரச்சினை கேம்களின் பூட்டை உடைப்பது பற்றியது. அதுவும் இணக்கத்தில்தான் முடிந்தது.

போர்ட் என்றால் சுத்தம், எமுலேட்டர் என்றால் களவு என்ற எண்ணமும் வேண்டாம். 2018 இல் சோனியே விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் மெஷினுக்குள் ஓடியது, வெளியார் எழுதிய ஒரு திறந்த மூல எமுலேட்டர்தான். கேமின் உரிமை சோனியிடமும், சோனிக்கு அனுமதி தந்தவர்களிடமும் இருந்ததால் அது சரியான வியாபாரம். மறுபக்கம், அனுமதியில்லாமல் பரவும் ஒரு போர்ட் எவ்வளவு அழகாக ஓடினாலும் களவுப் பிரதிதான். கேம் எந்த வழியில் ஓடுகிறது என்று சட்டம் கேட்பதில்லை. அந்தப் பிரதியை எடுக்க யார் அனுமதி தந்தார் என்றுதான் கேட்கும்.

நண்பனின் இருபது வருடக் கதைக்கு அடிப்படையே இல்லை. நமது சட்டத்தில் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுளும் அதன்மேல் 70 வருடங்களும். கூட்டுப் படைப்புக்கும் ஒலி ஒளிப் படைப்புக்கும் வெளியான நாளிலிருந்து 70 வருடங்கள். 1985 இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் எந்தக் கணக்கில் பார்த்தாலும் 2055 க்கு முன் பொதுச் சொத்தாகாது. கடையில் இப்போது கிடைப்பதில்லை, கம்பெனியே கைவிட்டுவிட்டது என்பதெல்லாம் மனசுக்கு ஆறுதல் தரலாம், எதிர்வாதம் ஆகாது.

இனி உங்கள் சிப். 178 ஆம் பிரிவின்படி, உரிமையை மீறி எடுக்கப்பட்ட பிரதி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை விற்றாலும், விற்பனைக்கு வைத்தாலும், வியாபார நோக்கில் கையில் வைத்திருந்தாலும் குற்றம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி அகப்பட்டால் இரட்டிப்பு. "சீனாக்காரன் ஏற்றி அனுப்பினான், நான் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை" என்று சொல்ல நினைப்பீர்கள். பெட்டியின் மேலேயே இத்தனை ஆயிரம் கேம் என்று போட்டிருக்கும்போது நம்பக் காரணம் இல்லை என்று எப்படி வாதாடுவது? இதை வாசித்த பிறகு அந்த வாசலும் பூட்டுத்தான். "மெஷினுக்குத்தான் காசு, சிப் சும்மா" என்று பற்றுச்சீட்டு எழுதுகிற கெட்டித்தனத்தையும் பார்த்திருக்கிறேன். வியாபார நோக்கில் வைத்திருப்பதே போதும் என்பதால் அது உதவாது.

பலர் கவனிக்காத இரண்டு விடயம் உண்டு. சிப்பில் கேம்களோடு சோனியின் அசல் பயோஸ் கோப்பும் இருந்தால் அதுவும் தனியாக உரிமையுள்ள மென்பொருள். அப்புறம், எமுலேட்டர் இலவசமாகக் கிடைப்பதால் அதை வைத்து வியாபாரம் செய்யலாம் என்றில்லை. ரெட்ரோஆர்ச் போன்றவற்றின் உரிமம் விற்பனையைத் தடுக்காது, அதன் நிபந்தனைகளைக் காப்பாற்றினால் போதும். ஸ்னெஸ்9எக்ஸ் என்ற எமுலேட்டரோ வர்த்தகப் பாவனைக்கு இல்லை என்று தன் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது.

மாமாவின் டிஸ்க்குகளுக்கு வருவோம். தனிப்பட்ட பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்ற பொதுச் சலுகை கணினி மென்பொருளுக்குக் கிடையாது. அதற்கு அதே சட்டத்தின் 12 (7) ஆம் பிரிவு என்று தனி வாசல். சட்டப்படியான பிரதியின் சொந்தக்காரர், பாதுகாப்பாக வைக்கவும், மூலப் பிரதி தொலைந்தால் அல்லது பழுதானால் பதிலாகவும் ஒரு பிரதி எடுக்கலாம். டிஸ்க் கீறுபட்டு ஓடாமல் போய், அந்தப் பிரதியை வைத்து நீங்கள் விளையாடினால் நான் தைரியமாக வாதாடுவேன். டிஸ்க் நன்றாக இருக்கும்போது கையடக்க மெஷினில் விளையாடுவது கொஞ்சம் இழுபறி. ஆனால் வீட்டுக்குள் அப்படி விளையாடுபவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பதே என் அபிப்பிராயம். டிஸ்க்கை விற்றால் பிரதியையும் அழித்துவிட வேண்டும். ஒரு கேள்வி மட்டும்: அவை அசல்தானா? அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் விலைப்பட்ட பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை கடைக்காரரே எழுதிக் கொடுத்தவை. முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க் என்றால், அடிப்பக்கம் கறுப்பாக இல்லாமல் வெள்ளியாகவோ ஊதாவாகவோ மினுங்கினால் 12 (7) ஐ மறந்துவிடுங்கள். களவுப் பிரதிக்குப் பாதுகாப்புப் பிரதி கிடையாது.

சரி, கடையில் என்ன செய்வது? மெஷின்களை விற்பதை நிறுத்த வேண்டியதில்லை. சிப்பைக் கழற்றி விற்கலாம், அல்லது உரிமம் அனுமதிக்கும் மென்பொருளை மட்டும் ஏற்றிக் கொடுக்கலாம். டூம் என்ற பழைய சுடும் கேமின் பாணியில் விளையாட ஃப்ரீடூம் என்ற இலவச கேம் இருக்கிறது, அதை விற்பனைப் பொருளோடு கொடுக்கவும் தடையில்லை. பழைய கேம்தான் வேண்டும் என்று கேட்பவருக்குப் பிளே ஸ்டோரில் இருக்கும் அதிகாரபூர்வ போர்ட்டைக் காட்டுங்கள். அவருடைய கணக்கில் அவரே வாங்கட்டும். உங்கள் கணக்கில் ஒருமுறை வாங்கிப் பத்துப் பேரின் போனில் ஏற்றுவதும் அதே குழிதான். அடுத்த முறை ஓடர் கொடுக்கும்போது சிப் இல்லாமல் அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

அயலவர் சொன்னபடி பொலிஸ் வந்தால் ஒளிக்கவோ ஓடவோ வேண்டாம். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். வாசித்து விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.